அம்போடு ஓடிய கலைமான்

எவ்லினை வேட்டைக்காரி என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்கள் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தேடிப் பிடிக்க முடியாமல் கைவிட்ட மிருகங்களை நாயோடு போய்க் கண்டுபிடிப்பவள் அவள். கண்டுபிடித்ததும் அதன் வேதனையை முடித்துவைப்பாள். அதற்கான அனுமதிப் பத்திரமும் துவக்கும் பழக்கிய நாயும் அவளிடம் இருக்கின்றன. பான் நகரத்துக்குத் தெற்கே ஐஃபல் மலைப்பக்கத்தில் ஒரு மான் காயத்தோடு ஓடினால், விடியற்காலையோ பெருநாளோ, அவளுடைய போன்தான் அடிக்கும்.

மன்னாரிலிருந்து தாய் கொறற்றியோடு ஜேர்மனிக்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது நாற்பத்தொன்று. பானில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். காட்டுப்பன்றி கிழித்த வேட்டை நாய்களைத் தைக்க உதவப்போய் அந்த நாய்களில் மயங்கி, இருபத்தெட்டு வயதில் வேட்டைப் பரீட்சை எழுதினாள். பிறகு ஹில்டேயை வாங்கினாள். ஹில்டே செம்மண் நிற நாய்; தொங்கும் காதுகள், எப்போதும் யாரோ ஏமாற்றியது போன்ற முகம். வேட்டைக்காரர்களின் டொச் மொழியில் இரத்தத்தை இரத்தம் என்று சொல்லமாட்டார்கள், வியர்வைக்குரிய சொல்லால்தான் சொல்வார்கள்; ஹில்டேயின் இனப் பெயரிலும் அந்தச் சொல்தான். அதை அரைகுறையாக விளங்கிக்கொண்ட கொறற்றியம்மா, "மூத்தவள் வேர்வை மணக்கிற நாய் ஒண்டு வைச்சிருக்கிறாள்" என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். திருத்தித் திருத்தி எவ்லின் களைத்துப்போனாள்.

அவளைக் களைக்க வைப்பது அது மட்டும் அல்ல. கூப்பிடுகிற வேட்டைக்காரர்கள் ஒருவர்கூட உள்ளதைச் சொல்வதில்லை என்பதுதான் அவளுடைய பெரிய முறைப்பாடு. "சூடு நல்ல இடத்தில பட்டது எண்டுவினம். போய்ப் பாத்தால் காலில பட்டிருக்கும். நாங்கள் பின்னால போகேல்லை எண்டுவினம். போய்ப் பாத்தால் ஆறு பேரின்ரை சப்பாத்து அடையாளம். பொய் சொன்னால் மானுக்குத்தானே நோகும்? என்னட்டைச் சொல்ல என்ன வெக்கம்?" என்று, குடும்பத்துக்கு நெருங்கிய என்னிடம் பலமுறை பொரிந்து தள்ளியிருக்கிறாள்.

ஆனால் அவளிடம் சொல்லப்பட்ட பொய்களிலேயே பெரியது சொந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. போன வருடம், செப்டெம்பர் கடைசி ஞாயிறு. அன்று கொறற்றியம்மாவின் எழுபதாவது பிறந்தநாள். மத்தியானம் பங்கு மண்டபத்தில் எண்பது பேருக்குச் சாப்பாடு. சோற்றுக்கு நான் பொறுப்பு. மண்டபத் திறப்பை எடுத்துவந்து கதிரை மேசை போடும் பொறுப்பு எவ்லினின் தங்கை பிறேமாவுடைய புருஷன் வசந்த்குமாருடையது.

காலை ஏழரைக்கு எவ்லின் தாயின் சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வசந்த்குமார்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. ஹில்டேயைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா வரேலுமோ?"

"எங்கை? நீர் மண்டபத்திலை எல்லே நிக்கவேணும்?"

"ஆர் ஆத்துக்கு மேலை ஒரு பள்ளத்தாக்கிலை நிக்கிறன். இஞ்சை ஒரு எல்க்குக்குக் காயம்."

எல்க் என்பது காதில் விழுந்ததும் எவ்லினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டொச்சில் கிட்டத்தட்ட அதே சொல்லுக்கு வடக்கே சுவீடன் பக்கம் இருக்கும், ஒட்டகம் அளவு உயரமான மிருகம் என்று பொருள். ஐஃபலில் அது கிடையாது.

"வசந்த், குடிச்சிருக்கிறீரோ?"

"இல்லை அக்கா. அமெரிக்கன் எல்க் மாதிரி. பெரிய கொம்பு. இஞ்சை உள்ள சிவப்பு மான்தான். ஒரு சிநேகிதன்ரை கார் அடிச்சுப்போட்டுது. பாவம் எல்லே, தேடவேணும் எல்லே?"

பாவம் என்ற சொல்லுக்கு எவ்லினால் எப்போதும் மறுப்புச் சொல்ல முடியாது. சேலையை அரைவாசியில் விட்டு, கீழ்மாடியில் இருக்கும் தாயிடம் பதினொன்றரைக்குள் வந்துவிடுவேன் என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டு, ஹில்டேயையும் துவக்கையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயரை நான் எழுதவில்லை. ஆர் நதியில் வந்து விழும் சின்ன ஓடை ஒன்று மலையை ஆழமாக வெட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு பக்கமும் தகடு தகடாக உடையும் கறுத்த பாறைச் சரிவு. கல்லுக்குள் வேர் பிடித்த குட்டை ஓக் மரங்கள். 2021 வெள்ளத்தில் அடியில் இருந்த நடைபாதையும் அள்ளுண்டு போய்விட்டது. அதன் பிறகு அங்கே மனிதர் போவதில்லை. அதனாலேயே மான்கள் அங்கே போகின்றன.

காட்டுத் தரிப்பிடத்தில் வசந்த்குமார் நின்ற கோலத்தைப் பார்த்ததும் எவ்லினுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தலை முதல் கால் வரை இலை படம் போட்ட உடுப்பு. முகத்தில் பச்சையும் கறுப்பும் பூசி, பாதியை அழித்திருந்தான். கழுத்தில் ஒரு ஊதுகுழல் தொங்கியது.

"உதென்ன வேஷம்?"

"குளிருக்கு, அக்கா."

"முகத்திலையும் குளிரோ? சரி, எந்த றோட்டிலை அடிபட்டது?"

வசந்த்குமார் றோட்டைக் காட்டவில்லை. மலையைக் காட்டினான். இருவரும் நாயோடு ஏறத் தொடங்கினார்கள். அரை மணித்தியாலம் ஏறினார்கள். கடைசி வீட்டின் புகைக்கூடு கீழே நெருப்புப்பெட்டி அளவுக்குச் சிறுத்தது. எவ்லின் நின்றாள்.

"வசந்த், இஞ்சை கார் எப்பிடி வந்தது?"

அவன் மூச்சு வாங்கினான். "கார் இல்லை அக்கா. நான் நடந்து வரேக்கை கண்டனான். அது காயத்தோடை நிண்டது."

"எப்ப?"

"நேற்றுப் பின்னேரம்."

"நேற்றுப் பின்னேரம் கண்டு இண்டைக்குக் காலமையோ எடுக்கிறது?"

பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு புல்திட்டு இருந்தது. அங்கேதான் என்று வசந்த்குமார் கையைக் காட்டினான். எவ்லின் ஹில்டேயை ஒரு மரத்தில் கட்டிவிட்டு முழங்காலில் இருந்து புல்லைப் பார்த்தாள். இப்படிப் பார்க்கத்தான் அவள் பதின்மூன்று வருடம் பழகியிருக்கிறாள். கார் அடித்த மானின் மயிர் பிய்ந்து கொத்தாகக் கிடக்கும். துவக்குச் சூடு பட்டால் மயிர் நொறுங்கிக் கிடக்கும். இங்கே கிடந்த மயிர் சவர அலகால் வெட்டியதுபோல் நேராக வெட்டுப்பட்டிருந்தது. நாலடி தள்ளி ஒரு முட்செடி இலையில் காய்ந்த இரத்தம், தொடை உயரத்தில். அதற்குப் பக்கத்தில் மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் இறகு ஒன்று.

அவள் அந்த இறகைக் கையில் எடுத்து எழும்பினாள்.

"வில்லோ?"

வசந்த்குமார் நிலத்தைப் பார்த்தான்.

"வில்லாலையோ அடிச்சனீ?" நீர் போய் நீ வந்தது. "வாயைத் திற. எனக்கு முழுக்கச் சொல்லு. நான் உன்னட்டை மூண்டாந்தரம் கேக்கமாட்டன்."

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. இரண்டு வருடமாக அவன் ஒரு வில்வித்தைக் கழகத்தில் இருக்கிறான். காட்டுக்குள் வைத்த ரப்பர் மான்களுக்கும் ரப்பர்ப் பன்றிகளுக்கும் அம்பு எய்யும் விளையாட்டு; அதில் நல்ல பெயரும் எடுத்திருந்தான். பொதி விநியோகக் கிடங்கில் பின்னேர வேலை முடிந்து வந்து, நித்திரை வராமல், அமெரிக்கக்காரர் மலை இடுக்குகளில் எல்க் மானை வில்லால் வேட்டையாடும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். அவர்கள் ஊதுகுழலால் கூப்பிடுவதும், ஆண் மான் பதில் குரல் கொடுத்துக்கொண்டு நெருங்கி வருவதும், முப்பது அடியில் நின்று நாண் இழுப்பதும் அவன் தலைக்குள் ஏறிவிட்டன. கப்பிகள் வைத்த புது வில்லும் மூன்று அலகு உள்ள அம்பு முனைகளும் வாங்கினான். பிறேமாவிடம் கழகத்தோடு முகாம் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை வந்தவன். ஜேர்மனியில் மானை வில்லால் வேட்டையாடுவது எவருக்கும் தடை. இவனிடம் வேட்டைப் பத்திரமே இல்லை.

"ஊதினன் அக்கா. உண்மையா வந்து பாத்தது."

"உது அமெரிக்க மானின்ரை சத்தம். விசில் மாதிரி. இஞ்சத்தை மான் மாடு மாதிரிக் கத்தும். இதென்ன சனியன் எண்டு பாக்க வந்திருக்கும். எங்கை பட்டது?"

"நெஞ்சுக்குத்தான் குறி வைச்சனான். அது திரும்பிப்போட்டுது. பின்னந்தொடையிலை. அம்போடையே கீழை இறங்கீட்டுது. ராவு முழுக்க நித்திரை இல்லை அக்கா. அது கீழை இருந்து ஒருக்காக் கத்தினது."

எவ்லின் போனை எடுத்தாள். வசந்த்குமாருக்கு உடனே விளங்கிவிட்டது.

"யாருக்கு?"

"இந்தக் காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்தவருக்கு. அவரின்ரை அனுமதி இல்லாமல் நான் இனி இஞ்சை ஒரு அடி துவக்கோடை வைக்கேலாது. வைச்சால் நானும் களவு வேட்டைக்காரிதான்."

"அக்கா, சொல்லாதேங்கோ. நாங்கள் சொந்தக்காரர் எல்லே. ஒருத்தருக்கும் தெரியாமல் தேடி முடிச்சுப்போட்டுப் போவம். பிறேமாவை யோசியுங்கோ. பிள்ளையளை யோசியுங்கோ. மாமியின்ரை பிறந்தநாள் எல்லே இண்டைக்கு!"

"இதெல்லாம் நேற்று நாண் இழுக்கேக்கை யோசிச்சிருக்கவேணும்."

குத்தகைக்காரரின் பெயர் ஏங்கெல்பேர்ட். அறுபத்தெட்டு வயது, ஒரு முழங்கால் மாற்றியது. எவ்லின் அவருக்காக முன்பு நாலைந்து மிருகங்களைத் தேடிக் கொடுத்திருக்கிறாள். அவள் சுற்றி வளைக்கவில்லை. உங்கள் பள்ளத்தாக்கில் ஒரு கலைமான் அம்போடு நிற்கிறது, எய்தவர் என் பக்கத்தில் நிற்கிறார், அவர் என் தங்கையின் கணவர் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

காட்டுப் பாதையில் டிரக்டரோடு வந்தார். வசந்த்குமாரை மேலும் கீழும் பார்த்தார். கோபத்தில் அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

"உங்கள் நாட்டில் இப்படித்தான் வேட்டையாடுவார்களோ?" என்று எவ்லினிடம் கேட்டார்.

எவ்லினுக்கு இந்தப் பக்கமும் எரிச்சல், அந்தப் பக்கமும் எரிச்சல். "எங்கள் நாட்டில் இவர் இதைப் படிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து படித்தார். அமெரிக்காவுக்கும் போகவில்லை, பானில் சோபாவில் இருந்தே படித்தார். இப்போது இதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. மான் அங்கே கீழே நிற்கிறது."

ஏங்கெல்பேர்ட் தலையை ஆட்டினார். "முதலில் மான். பொலிசுக்கு நான் சொல்கிறேன். ஆனால் என் முழங்காலோடு நான் இதற்குள் இறங்க முடியாது. தனியாக நீங்களும் இறங்கக்கூடாது."

ஆக, கூடப்போக ஒருவன்தான் இருந்தான்.

எவ்லின் பத்து மீற்றர் தோல் வாரை ஹில்டேயின் கழுத்துப்பட்டியில் பூட்டினாள். அந்தப் பட்டியைப் போட்டதும் ஹில்டே வேறு நாயாகிவிடும். மூக்கைப் புல்லில் வைத்து மெதுவாக ஒரு வட்டம் போட்டது. பிறகு வாரை இறுக்கி விளிம்புக்கு மேலால் இறங்கிவிட்டது. எவ்லின் பின்னால் சறுக்கினாள். அவளுக்குப் பின்னால் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வசந்த்குமார்.

"என்ரை காலடியிலை மட்டும் காலை வை. கல்லைத் தட்டாதை. கதைக்காதை."

அவன் மூன்றையும் செய்தான். அதாவது வேறு இடத்தில் காலை வைத்தான், கல்லைத் தட்டினான், ஐயோ அக்கா என்று கத்தினான். தட்டிய கல் எவ்லினின் முழங்கையில் பட்டுக் கீழே போய் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்க நெடுநேரம் எடுத்தது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அதன்பிறகு மூச்சைக்கூட அளந்துதான் விட்டான்.

சரிவின் நடுவில் ஒரு ஓக் மரத்தடியில் மான் படுத்திருந்த இடம் கிடைத்தது. இலைகள் அமுங்கி, நடுவில் ஒரு கை அகலத்துக்கு இரத்தம். பக்கத்துப் பட்டையில் அம்பை உரஞ்சியிருந்த அடையாளம். கறுப்பு அம்புத் தண்டில் ஒரு சாண் உடைந்து கிடந்தது. மீதி உள்ளே. மான் இரவு முழுவதும் இங்கே அதைக் கழற்றப் பார்த்திருக்கிறது.

எவ்லின் அந்தத் துண்டை எடுத்து வசந்த்குமாரின் கையில் வைத்தாள். "பிடி. வீடியோவிலை இதைக் காட்டமாட்டினம்" என்றாள். அவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தான்.

அங்கிருந்து போன சுவடு திடீரென்று குறுக்கே திரும்பியது. அரை மணித்தியாலம் அவர்கள் ஒரு பாறைத் தட்டின் ஓரமாக நாலு காலில் போனார்கள். இரத்தம் நின்றுவிட்டது. எவ்லினுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹில்டேயை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு இடத்தில் நாய் நின்று, பின்னுக்கு வந்து, திரும்பவும் அதே இடத்தை மணந்து, பிறகு செங்குத்தாகக் கீழே பார்த்தது. கீழே ஓடைத் தண்ணீரின் சத்தம். எவ்லின் வாரை அவிழ்த்து நாயை விட்டாள்; அது பாறை இடுக்கால் முன்னே இறங்க, கயிற்றை மரத்தில் கட்டித் தானும் இறங்கினாள். கடைசி மூன்று மீற்றர் இறங்கவில்லை, விழுந்தாள். இடுப்பில் அடி. துவக்கை மட்டும் நெஞ்சோடு அணைத்தபடி விழுந்திருந்தாள்.

எழும்பும்போதே ஹில்டே குரைக்கத் தொடங்கியது.

கலைமான் ஓடைக்குள் நின்றது. பின்னால் பாறை, இரு பக்கமும் வெள்ளம் கொண்டுவந்து அடைத்த மரக்கட்டைகள். போக இடம் இல்லை. கொம்பில் பன்னிரண்டு கிளை. பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தது. தொடையிலிருந்து உடைந்த அம்பு விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது. எவ்லின் நெருங்கியதும் அது தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது. மூன்று காலில் பாய்ந்தாலும் அந்தக் கொம்பு ஹில்டேயின் விலாவைத் தொட்டுக்கொண்டுதான் போனது. நாய் தண்ணீருக்குள் உருண்டு எழும்பித் திரும்பக் குரைத்தது.

"அக்கா, சுடுங்கோ! சுடுங்கோவன்!" என்று கயிற்றால் இறங்கிவந்த வசந்த்குமார் கத்தினான்.

"நாய் முன்னாலை நிக்குது! வாயைப் பொத்து!"

அவள் தண்ணீருக்குள் இறங்கிப் பக்கவாட்டில் போனாள். குளிர் தொடை வரை ஏறியது. ஹில்டே ஒரு அடி விலக வேண்டும். மான் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வர எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது. மான் ஒருமுறை அவளை நேராகப் பார்த்தது. நாய் விலகியது. அவள் சுட்டாள். மான் முன்னங்காலில் மடிந்து, தண்ணீருக்குள் பக்கவாட்டில் சரிந்தது.

வசந்த்குமார் பாறையில் குந்தியிருந்து அழுதான். அவன் அழுத சத்தம் ஓடைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. எவ்லின் முதலில் ஹில்டேயின் விலாவைத் தடவிப் பார்த்தாள். தோல் மட்டும் கீறியிருந்தது. பிறகு மானின் கண்ணைத் தொட்டு உறுதி செய்தாள். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"அழுறதெண்டால் பேந்து அழு. இப்ப வந்து காலைப் பிடி. இதைக் கிழிச்சுக் குடலை எடுக்காட்டி இறைச்சி பழுதாப் போகும். கொலை செய்தது காணாதெண்டு எறியவும் வேணுமோ?"

அவன் வந்து பிடித்தான். ஒருமுறை எழும்பிப்போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்து திரும்பவும் பிடித்தான். அதைச் சொல்லும்போது மட்டும் எவ்லினின் குரலில் அவன்மேல் ஒரு துளி மரியாதை இருந்ததை நான் கவனித்தேன்.

மானைத் தூக்குவதுதான் அன்றைய நாளை விழுங்கியது. குடல் எடுத்த பிறகும் நூற்றிருபது கிலோவுக்குக் குறையாது. டிரக்டரின் இழுவைக் கம்பி அடிவரை எட்டவில்லை. ஏங்கெல்பேர்ட் ஊருக்குள் போய் இன்னொரு கம்பி கொண்டுவந்தார். கொம்பு ஒவ்வொரு மரத்திலும் சிக்கியது. சிக்கும்போதெல்லாம் வசந்த்குமார் ஏறிப்போய்க் கழற்றினான். மேலே வந்து சேர்ந்தபோது மணி நாலு. இரண்டு பொலிஸ்காரர் காத்துக்கொண்டு நின்றார்கள். வில்லைப் பறிமுதல் செய்தார்கள். மானையும் அம்பையும் படம் எடுத்தார்கள். வசந்த்குமாரின் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தமிழிலேயே தலையாட்டினான்.

மேலேதான் போனுக்குத் தொடர்பு கிடைத்தது. எவ்லினின் போனில் தவறிய அழைப்புகள் முப்பத்தொன்று. அத்தனையும் தாயும் தங்கையும்.

மண்டபத்தில் எங்கள் பாடு வேறு. திறப்பு வசந்த்குமாரின் காற்சட்டைப் பையில் இருந்ததால் எண்பது பேரும் ஒன்றரை மணி வரை வாசலில் நின்றார்கள். பங்குச் செயலாளரைத் தேடிப்பிடித்து மாற்றுத் திறப்பு வாங்கி, சோறு குழைந்து, கேக் உருகி, கொறற்றியம்மா மூத்த மகளும் இல்லாமல் மருமகனும் இல்லாமல் எழுபது மெழுகுதிரியை ஊதினார். ஐந்தரைக்கு நாங்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இருவரும் உள்ளே வந்தார்கள். எவ்லினின் செம்மஞ்சள் வேட்டை உடுப்பு முழுக்கச் சேறும் இரத்தமும். அவன் முகத்தில் இன்னமும் பச்சை மை.

பிறேமா முதலில் புருஷனுக்கு உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு நடந்ததை எவ்லின் நாலு வசனத்தில் சொன்னாள். கொறற்றியம்மா கதிரையிலிருந்து எழும்பினார்.

"ஒரு மரைக்காக நீ தங்கச்சியின்ரை மனிசனைப் பொலிசிட்டைக் குடுத்திட்டியோ?"

"அம்மா, நான்..."

"காட்டுக்குள்ளை ஆருக்குத் தெரியும்? நீ வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம் எல்லே?"

அப்போது வசந்த்குமார் முன்னுக்கு வந்தான். "மாமி, அக்கா ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் அந்த மனிசனுக்குப் போன் எடுத்து எல்லாத்தையும் ஒப்புக்கொண்டனான். அக்காவிலை பிழை இல்லை."

பிறேமாவின் முகம் இளகியது. கொறற்றியம்மா அவனைத் திகைப்போடு பார்த்தார். அந்த இடத்தில் விட்டிருந்தால் எல்லாம் சரியாக முடிந்திருக்கும். நான்கூட மனதுக்குள் சபாஷ் என்றேன். ஆனால் எவ்லின் கையில் இருந்த நாய் வாரை மேசையில் ஓங்கிப் போட்டாள்.

"பொய்!" என்றாள். "திரும்பவும் பொய். காலமையிலை இருந்து உம்மட்டை இதைத்தான் கேட்டுக் களைச்சுப் போனன். நான்தான் போன் எடுத்தனான், அம்மா. இவர் வேண்டாமெண்டு கெஞ்சினவர். நாளைக்கு இப்பிடி நடந்தாலும் நான்தான் எடுப்பன்."

"நான் உங்களுக்காகத்தானே அக்கா சொன்னனான்" என்றான் வசந்த்குமார், பாவமாக.

"எனக்காக ஒருத்தரும் பொய் சொல்லவேண்டாம்!"

பிறேமா பிள்ளைகளின் ஜக்கெற்றுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வசந்த்குமார் மண்டபத் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினான். மிஞ்சிய சோற்றை எவ்லின் நின்றபடியே சாப்பிட்டாள். குழைந்துபோயிற்று, குறை நினைக்காதே என்றேன். பசிக்கு என்ன குழைவு என்றாள்.

வசந்த்குமாருக்கு அபராதம் வந்தது. வில் திரும்பக் கிடைக்கவில்லை. கழகத்திலிருந்தும் விலக்கினார்கள். ஏங்கெல்பேர்ட் எவ்லினைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து வேட்டைக்காரர் ஒன்றிரண்டு பேர் உறவினர் விஷயத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் அவள் போனை வைத்துவிடுவாள்.

பிறேமா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்றால் முறையாக நிறுத்தினாள். கிழமைக்கு ஒருமுறை தாய்க்குப் போன் எடுத்து, தான் இன்னமும் அக்காவோடு கதைக்கவில்லை என்பதை அக்காவுக்குச் சொல்லச் சொல்வாள். கொறற்றியம்மா படியேறி வந்து, "தங்கச்சி உன்னோடை கதைக்கமாட்டாளாம்" என்று சொல்லிவிட்டு, தானும் பாதிக் கோபத்தில் இறங்கிப் போவார். "கதைக்காட்டிக் கதைக்காமல் இருக்கட்டும். அதுக்கேன் ஒவ்வொரு கிழமையும் அறிவிப்பு?" என்று எவ்லின் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளைகளின் பரிசுப் பொதிகளை அவள் தாயிடம் கொடுத்தனுப்பியதும், அவை திரும்பி வராததும் எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை பிறேமாவே நேராகப் போன் எடுத்தாள்.

"எனக்கு உன்னிலை கோபம் போகேல்லை. ஆனால் பிள்ளையளின்ரை முயல் ரெண்டு நாளாச் சாப்பிடுதில்லை."

எவ்லின் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு போனாள். முயலுக்குப் பின்பல் நீண்டு நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, இதை நாளைக்கே வைத்தியரிடம் கொண்டுபோய் வெட்டவேண்டும் என்று சொல்லித் தன் வைத்தியரிடம் நேரமும் எடுத்துக் கொடுத்தாள். வசந்த்குமார் முயலைத் துவாயில் சுற்றிப் பிடித்திருந்தான். பிறேமா தேத்தண்ணி ஊற்றினாள்.

என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டேன்.

"முயலைப் பற்றித்தான். ஒரு மணித்தியாலம் முழுக்க முயலைப் பற்றி. ஆரும் மன்னிப்புக் கேக்கேல்லை. மானைப் பற்றி ஆரும் வாய் திறக்கேல்லை. எழும்பி வரேக்கை வாற ஞாயிறு சாப்பிட வா எண்டு பிறேமா சொன்னாள். வேட்டைக்காரர் போன் அடிச்சால் வரமாட்டன் எண்டு சொன்னன். தெரியும் எண்டாள்."